சிவப்புக் கண்ணாடி

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டில் முட்டை இருக்காது. ஃபிலிம் ரோல்கள் இருக்கும். முட்டைகள் கீழ்த் தட்டில் ஒரு கிண்ணத்தில் குடியிருக்கின்றன. இந்த இடமாற்றத்துக்கு அம்மா சம்மதிக்க ஒரு வருஷம் ஆனது. மதுரை வெயிலில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் அலமாரியில் கிடந்தால் கெட்டுப்போகும் என்று நான் விளக்கியபோது, அதே வெயிலில்தான் உன்னையும் வளர்த்தேன், நீ கெட்டா போனாய் என்று கேட்டாள். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் அவளே முட்டைகளைக் கீழே இறக்கி, ரோல்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள்.

கோச்சடையில் இருக்கும் அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா மேலூர் தாலுகா ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து, தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். அம்மா மேலூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்தவள். நான் அறிவியல் வாத்தியார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளியியல் பாடம் நடத்துகிறேன். எந்த நிறம் எந்தக் கண்ணாடியைத் தாண்டும், எது தாண்டாது என்பதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவன். இதை ஏன் முன்கூட்டியே சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும். அப்போது நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வகைகள் உண்டு என்பதை வெளியாட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். இருப்பதே இரண்டு நிறம், அதில் என்ன வகை என்பார்கள். எங்கள் வீட்டில் மூன்று வகை இருக்கும். மூன்றுக்கும் அம்மா பெயர் வைத்திருக்கிறாள். நூறு வேகமுள்ளது நிதானமான ஃபிலிம். வெளிச்சம் நிறைய கேட்கும், பதிலுக்கு வழவழவென்று படம் தரும். அது வெயில் ரோல். நானூறு வேகமுள்ளது நிழலிலும் வீட்டுக்குள்ளும் சமாளிக்கும், மணல் தூவியது மாதிரி கொஞ்சம் பொரிப்பொரியாக இருக்கும். அது வீட்டு ரோல். மூன்றாவது ஆர்த்தோ. அதற்குச் சிவப்பு நிறம் அறவே தெரியாது. சிவப்பாக இருப்பதெல்லாம் அதில் கறுப்பாக விழும். ஒருமுறை அதில் அம்மாவை எடுத்தேன். அவள் நெற்றிக் குங்குமம் அடுப்புக்கரியால் வைத்தது போல் அழுத்தமாக விழுந்திருந்தது. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் ஃபிரேம் போடச் சொன்னாள். அன்றிலிருந்து ஆர்த்தோவுக்குப் பெயர் கறுப்புப் பொட்டு ரோல்.

ஃபிலிம் கழுவுவது குளியலறையில். ரசாயனத்துக்கு இருபது டிகிரி தண்ணீர் வேண்டும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. சித்திரை மாதம் எங்கள் குழாயைத் திறந்தால் வருவதில் அப்படியே காபித்தூளைப் போடலாம். அதனால் ஃப்ரீசரில் இட்லி மாவுக்கு மேல் எனக்கென்று நான்கு ஐஸ் தட்டு. போர் தண்ணீரில் கடைசி அலசல் அலசினால் நெகட்டிவ் முழுக்கச் சுண்ணாம்புப் புள்ளி விழும். அதனால் கடைசி அலசலுக்குக் குடிக்கிற கேன் தண்ணீர். நான் எடுப்பதில் பாதிக்கு மேல் மேகப் படம்தான். மனுசனுக்கு வாங்கின தண்ணிய மேகத்துக்கு ஊத்துறான் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லுவாள். பெண் வீட்டுக்கு அனுப்புகிற என் படத்தையாவது கலரில் எடுத்துத் தொலைக்கும்படி கேட்பாள். ஆனால் நான் ஃபிலிம் கழுவுகிற நாளில் யாரும் தவறிக் கதவைத் தட்டிவிடாமல் வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருப்பவளும் அவள்தான்.

குளியலறைக் கண்ணாடிக்கு மேலே ஒரு சிறிய தட்டு. அதில் ஃபிலிம் கழுவுகிற என் ரசாயன பாட்டில்களோடு அம்மாவின் குங்குமச் சிமிழும் இருக்கும். குளித்துவிட்டு வெளியே வரும்போதே அவள் நெற்றியில் பொட்டு இருக்க வேண்டும். அம்மா சர்ச்சுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். தாத்தாவும் மிஷன் பள்ளி வாத்தியார். அப்பா குடும்பம் மேலூர்ப் பக்கம் மற்றவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். அதில் முதலில் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்பா. இருவரும் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். பிறந்ததிலிருந்து பொட்டு வைத்துப் பழகியவர்கள் அவசரத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கல்யாணத்தன்று அப்பா கையால் குங்குமம் வாங்கியவள் அம்மா. அவளிடம் ஸ்டிக்கர் வேலையெல்லாம் நடக்காது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் குங்குமத்தோடுதான் போவாள். நாள் நேரம் பார்ப்பதிலும் அப்படித்தான். எந்தக் கிழமை எப்போது எமகண்டம் என்று அப்பா அவளிடம்தான் கேட்பார்.

அப்பா அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மேலூர் பஸ்ஸில் பார்த்துப் பழகிய நாளில் வாயில் வந்த பெயர் அப்படியே தங்கிவிட்டது. வீட்டில் ஒரு பழைய கேலி உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா கொடுத்த ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தை அப்பா பர்ஸில் வைத்திருந்தார். அழகர் ஆற்றில் இறங்கிய கூட்டத்தில் எவனோ பர்ஸை அடித்துவிட்டான். அம்மா பிறந்த வீட்டில் இருந்த மற்ற படங்களைக் கரையான் தின்றுவிட்டது. ஆக, கல்யாணத்துக்கு முந்தைய அம்மாவின் படம் உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் இருக்கிறது, அவன் ஒரு பிக்பாக்கெட் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் பர்ஸை ஒருமுறை திறந்து மூடுவார்.

போன ஐப்பசியில் அப்பாவுக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. படம் பிடித்துப் பார்த்ததில் இதயத்தில் மூன்று அடைப்பு. பைபாஸ் செய்துவிடலாம் என்றார்கள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், புதன்கிழமை காலை ஆபரேஷன்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா என்னிடம் வந்து, நாளைக்கு எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் எடுடா என்றாள். ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எந்த ரோல் என்று மட்டும் கேட்டேன். எந்த ரோலா இருந்தா என்ன, பன்னெண்டு மணிக்குள்ள எடு, ஞாயித்துக்கெழம பன்னெண்டுக்கு மேல எமகண்டம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மேலூர் தாண்டிப் போனேன். மழை விட்டு வெளுத்த வானம், பாறை வெட்டி எடுத்து மிச்சம் நிற்கும் குன்றுகள், நட்டுப் பத்து நாளான வயல்கள், எல்லாவற்றுக்கும் மேலே அடுக்கடுக்காக மேகம். கறுப்பு வெள்ளையில் நீல வானமும் வெள்ளை மேகமும் ஒன்றாகச் சோகை பிடித்துத்தான் விழும். லென்ஸின் முன்னால் சிவப்புக் கண்ணாடி ஃபில்டரை மாட்டினால் வானம் கறுத்து, மேகம் பொங்கி நிற்கும். மாட்டினேன். வீட்டு ரோலில் முப்பத்துநான்கு படத்தை அந்த மேகங்களுக்கே கொடுத்தேன். நாலு மேகத்தைப் பார்த்தால் நான் நேரத்தை மறந்துவிடுவேன். அப்பாவின் நெஞ்சைப் பற்றி நினைக்காமல் இருக்க அன்று எனக்கு மேகம் தேவைப்பட்டது என்பதும் உண்மை.

அம்மா போன் செய்தபோது மணி பதினொன்று. வாரேம்மா, வந்துக்கிட்டே இருக்கேன் என்று மேலூரில் நின்றுகொண்டு சொன்னேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம்.

இருவரும் வாசல் படியில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி சட்டை, நெற்றியில் திருநீறு. அம்மா சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சுங்குடி கட்டி, வழக்கத்தைவிடப் பெரிதாகக் குங்குமம் வைத்திருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் கேமராவை எடுத்தேன். முதல் படத்தில் இருவரும் வாக்காளர் அட்டைக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள். இரண்டாவது படத்துக்கு நான் தயாரானபோது அப்பா திரும்பி, கொஞ்சம் சிரிங்க டீச்சர், இன்ஸ்பெக்‌ஷனா நடக்குது என்றார். அம்மா சிரித்துவிட்டாள். அழுத்தினேன். ரோல் முடிந்தது. மணி பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருந்தது.

என் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. பக்கத்தில் தனியாக ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். லென்ஸில் மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரியும். வெளிச்சத்தை அளக்கும் கண் மட்டும் லென்ஸோடு சேர்ந்து இருக்கிறது. அதனால் ஃபில்டர் எவ்வளவு வெளிச்சத்தைத் தின்றாலும் கேமரா அதற்கேற்பத் தானே சரிசெய்துகொள்ளும். இவ்வளவும் தெரிந்த அறிவியல் வாத்தியார் சிவப்பு ஃபில்டரைக் கழற்ற மறந்துவிட்டார்.

மத்தியானமே ஃபிலிமைக் கழுவினேன். அம்மா வெளியே நாற்காலியில் இருந்தாள். அன்று ஐஸ் பற்றியோ கேன் தண்ணீர் பற்றியோ அவள் வாயே திறக்கவில்லை. ஈர நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேகங்கள் அருமையாக வந்திருந்தன. கடைசி இரண்டு படத்துக்கு வந்தேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ், வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். அதில் அம்மாவை நான் அடையாளம் காண்பது பொட்டை வைத்து. கறுத்த முகத்தின் நடுவே வெளுத்த ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத் தேடினேன். இல்லை. சேலைக் கரையும் இல்லை. வெள்ளைச் சேலையோடு சேர்ந்து அதுவும் நெகட்டிவில் கறுப்பாகிப் போயிருந்தது. அப்போதுதான் கேமராவை எடுத்துப் பார்த்தேன். லென்ஸின் மேல் சிவப்புக் கண்ணாடி அப்படியே இருந்தது.

படம் கெட்டுப்போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கெடவில்லை. நெகட்டிவைப் போனில் படம் பிடித்து, கறுப்பு வெள்ளையை நேராக்கிப் பார்த்தேன். சிவப்பு நிறம் சிவப்புக் கண்ணாடியைத் தாராளமாகத் தாண்டி வெளுப்பாக விழும், அதற்குக் குங்குமமும் தோலும் ஒன்றுதான். பொட்டு நெற்றியோடு கரைந்துவிட்டது. கன்னத்து மங்கும் கண்ணுக்குக் கீழ் இருந்த கருமையும் சேர்ந்து கரைந்திருந்தன. வெறும் நெற்றியோடு ஒருத்தி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை புருஷனின் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். அதற்காகத்தான் நேரம் பார்த்து எடுக்கச் சொன்ன படம். இதை எப்படி அம்மாவிடம் காட்டுவது?

போனிலேயே ஒரு பொட்டு வரைந்துவிடலாம் என்று தோன்றியது. அதற்கான வசதி இருக்கிறது. வட்டமாக ஒன்று வரைந்தேன். கொசு உட்கார்ந்த மாதிரி இருந்தது. அழித்துவிட்டு இன்னொன்று வரையப் போனபோது, அப்பா உயிரோடு இருக்கும்போது அம்மா நெற்றியில் நான் பொட்டு வைப்பதா என்று ஒரு பயம் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கதவுக்கு வெளியே, வந்துருச்சா என்று அம்மா கேட்டாள். காயணும்மா, நாளாகும் என்றேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி அலைச்சலில் போனது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா மறுபடி கேட்டாள். அப்பா கட்டிலில் சாய்ந்து கண்மூடிக் கிடந்தார். அம்மாவின் மடியில் கைப்பை. அதில் திருநீற்றுப் பொட்டலமும், பெரியம்மா ஜெபம் செய்து கொடுத்தனுப்பிய சின்ன பைபிளும் இருந்தன. அவற்றோடு அந்தப் படத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும், பிரிண்ட் போட்டுக் கொடு என்றாள். நான் வாயில் வந்ததைச் சொன்னேன். கடைசி ரெண்டும் விழலம்மா, ரோல் முடிஞ்சு போச்சு.

அம்மா என்னைப் பார்த்தாள். மேகமெல்லாம் விழுந்துச்சா என்று கேட்டாள். விழுந்தது என்றேன். மேகம் விழுந்துச்சாக்கும் என்றாள். அப்பாவின் துண்டை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். நான் சொன்ன பொய், நான் மறைத்ததைவிடப் பெரிய அபசகுனமாக அவளுக்குள் இறங்கிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கக் கீழே போனாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். தூங்கவே இல்லை போலிருக்கிறது.

"ஏன்டா பொய் சொல்ற?" என்றார். "எதுவா இருந்தாலும் எங்கிட்டக் காட்டு."

மறுநாள் ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் இதைக் காட்டலாமா என்று தயங்கினேன். அவர் கையை நீட்டியபடியே இருந்தார். நடந்ததைச் சொன்னேன், மேகத்தை, மேலூரை, எமகண்டத்தை, மறந்த ஃபில்டரை. சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடி கேட்டார், எடுத்து மாட்டிவிட்டேன். படத்தை விரலால் பெரிதாக்கினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது அந்தப் பிக்பாக்கெட் கொண்டுபோன போட்டோடா" என்றார் அப்பா.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "மேலூர் பஸ்ல உங்கம்மா இப்படித்தான் வரும். பொட்டு கிடையாது, பூ கிடையாது. வேதக்காரப் பிள்ளைல, சர்ச்சுக்குப் போற குடும்பம். நான் வச்சுவிட்டதுக்கப்பறம் ஒருநாளும் இந்த மொகத்த யாரும் பாக்கல. நானுந்தான் பாக்கல."

அந்த முகத்துக்காகத்தான் முதல் பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டாவது பஸ்ஸில் வந்து, ஆபீசில் தாமதத்துக்கு இரண்டு மெமோ வாங்கியதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் நிறைந்திருந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு, நான் பார்த்தே இராத ஒரு முகம் இருந்திருக்கிறது. அவள் எந்தக் குடும்பத்தில் பிறந்தாள் என்று தெரிந்தும் எனக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை.

அம்மா ஃபிளாஸ்க்கோடு வந்தாள். மறைக்க நேரமில்லை. இங்க வாங்க டீச்சர், ஒங்க போட்டோ கெடச்சிருச்சு என்று அப்பா போனைத் திருப்பிக் காட்டினார். அம்மா பார்த்தாள். பார்த்த கணமே வலது கை நெற்றிக்குப் போனது. விரலில் ஒட்டிய சிவப்பைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள். நான் ஃபில்டர் கதையை இரண்டாம் முறை சொன்னேன். பத்தாவதுக்குப் பாடம் எடுக்குற வாத்தியாரு என்று மட்டும் சொன்னாள். பிறகு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"விழலன்னு சொன்ன பாரு, அப்ப இருந்து எனக்கு நெஞ்ச அடச்சுக்கிட்டு இருந்துச்சுடா. நெத்தி வெறுமையா விழுந்துருக்குன்னு சொல்லியிருந்தாக்கூட இம்புட்டுப் பயந்திருக்க மாட்டேன்."

அது உண்மைதானா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக அவர் முகத்தில் இல்லாத சிரிப்பு. அதைப் பார்த்து அம்மாவும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வயசான காலத்துல ஆளப் பாரு என்றாள்.

புதன்கிழமை காலை தியேட்டர் வாசலில் நர்ஸ் அப்பாவின் கைக்கடிகாரத்தையும் அரைஞாண் கயிற்றையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். கதவு மூடியதும் அம்மா என் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் மடியில் பைபிள், அதன் மேல் போன், போனில் அந்தப் படம். திரை அணைய அணைய விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். ஆறு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொன்னபோது, போனில் சார்ஜ் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அணைந்த திரையை அவள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அப்பா தேறிவிட்டார். இப்போது காலையில் வைகைக் கரைப் பக்கம் மெதுவாக நடந்துவிட்டு வருகிறார். படத்தைப் பெரிதாகப் போட்டு அலமாரிக்குள் வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்ட அம்மா சம்மதிக்கவில்லை. அப்பாவுக்கு அது போதவில்லை. பர்ஸில் வைத்துக்கொள்ள அம்மா முகம் மட்டும் சின்னதாக வேண்டும், அந்தப் படத்திலிருந்து வெட்டிக் கொடு என்றார். சேர்ந்து எடுத்த படத்தை வெட்டக் கூடாது என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். ஒரு வாரம் அப்பா பர்ஸைத் திறந்து திறந்து மூடினார். ஆபரேஷன் செய்த நெஞ்சு என்று இடையில் ஒருமுறை நினைவூட்டியும் பார்த்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் கேமராவில் வீட்டு ரோலை மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா குளித்துவிட்டு வந்தாள். குங்குமம் அன்றைக்கு வைத்ததைப் போலவே பெரிதாக இருந்தது. யாரும் கூப்பிடாமலே போய் வாசல் படியில், அதே இடத்தில் உட்கார்ந்தாள். அப்பா நடைக்குப் போயிருந்தார்.

"என்னய மட்டும் ஒண்ணு எடு" என்றாள். "அந்தச் செவப்புக் கண்ணாடிய மாட்டிட்டியா?"

இல்லம்மா என்றேன்.

"மாட்டு. அவருக்கு அந்தப் பிள்ளதான் வேணுமாம்."

மாட்டினேன். கேமராவின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா நெற்றியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். குங்குமம் இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு, ம், எடு என்றாள்.